பிராக்டிகல் அறைக் கூரையைத் திருத்தித் தரச் சொல்லி நாலாவது மனு

மதிப்புக்குரிய அதிகாரி ஐயா அவர்கட்கு,

கலை வரலாறும் பழம்பொருள் பேணலும் பைனல் இயர் படிக்கிற பிள்ளைகள் எழுதிக்கொள்றது. ஆரையம்பதிச் சந்தைக்குப் பின்னால, ஐயாட ஜீப் போய் வாற ரோட்டுலதான் எங்கட பிராக்டிகல் நடக்கிற அந்தப் பழைய ஓட்டுக் கட்டிடம் கிடக்கு, வேற அடையாளம் சொல்லத் தேவையில்ல. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், ரெண்டு பக்கத்து ஈரமும் எங்களுக்குத்தான். தையில ஒரு கடிதம் தந்தம், சித்திரை வருசம் கழிஞ்சு ஒண்டு, ஆடியில ஒண்டு. மூண்டுக்கும் பதில் இல்ல. திரும்பத் திரும்பக் கரைச்சல் தாறதுக்கு மன்னிக்கணும் ஐயா.

1. கூரையில கிழக்குப் பக்கம் ஓடு பதினொண்டு உடைஞ்சு கிடக்கு. தறப்பாள் போட்டம், கச்சான் காத்து கிழிச்சிட்டு.

2. ஈரம் உறிஞ்சிற மிஷின் ஒண்டு பழசா கிடைச்சிச்சு. சுவிட்ச் போட்டா கரண்ட் ட்ரிப் ஆகுது, வயர் அவ்வளவு பழசு.

3. இதுதான் ஐயா எங்களுக்குத் தாங்க ஏலாத விஷயம். கண்ணகை அம்மன் கோயில்ல வைகாசிச் சடங்குக்குப் படிக்கிற ஏடு ரெண்டு கட்டை அங்க பூசை செய்யிற வயசான கட்டாடியார் ஒராள் "பத்திரமா துப்புரவாக்கித் தாங்க மனே" எண்டு எங்கட கையில தந்தவர். போன மார்கழி மழையில ராவோட ராவா அலுமாரிக்கு மேலால ஒழுகி, விடிய வந்து துறந்தா ஏடு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாக் கிடக்கு, கயிறு கோக்கிற துளையைச் சுத்தி வெள்ளைப் பூஞ்சணம், ஊறின வைக்கோல் மணம். வெயிலில போட்டா சுருண்டு வெடிச்சிரும், அதால நிழலில வச்சு மூங்கில் சீவலை விட்டு ஒவ்வொண்டாப் பிரிச்சம், 41 ஏட்டுக்கு ஒம்பது நாள் போச்சு. எழுத்தாணிக் கீறல் அப்படியே நிண்டிச்சு, உள்ளுக்க கிடந்த கரிதான் கழுவுப்பட்டிட்டு, அதுக்குக் கரியும் எண்ணெயும் திரும்பப் பூசலாம். முறிஞ்ச ஆறு ஏட்டுக்கு என்னத்தைப் பூசுற? கட்டாடியார் ஏசியிருந்தாலும் பரவாயில்ல. அவர் ஒண்டும் பேசல்ல, முறிஞ்ச துண்டைச் சால்வைத் தலைப்பில துடைச்சுத் திரும்ப எங்கட கையிலேயே தந்திட்டார். ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினா பூஞ்சணம் பிடிக்கும் எண்டு முதலாம் வருசமே படிச்சம், மழைக்காலத்துல எங்கட அறை மீட்டர் 88 காட்டுது. இதுக்குள்ள இருந்து பேணல் படிக்கிறமாம்!

4. சுவர் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஒருக்கா வந்த மேசன்மார் அதுக்கு மேல சீமெந்தைப் பூசிட்டுப் போயிட்டாங்க. சீமெந்து ஈரத்தை வெளிய விடாது ஐயா, உள்ளுக்க நிண்ட ஈரம் உப்பாப் பூத்து இப்ப சாந்து தட்டுத் தட்டாக் கொட்டுது. வேண்டாம் எண்டு சொன்னம், "படிச்ச பிள்ளைகள் எண்டா எல்லாம் தெரியுமோ" எண்டு சிரிச்சாங்க. அதைத்தானே ஐயா நாலு வருசமா படிக்கிறம்?

5. 1967ல சீகிரியா ஓவியங்களுக்குப் பெயின்ட் அடிச்சு நாசமாக்கினப்ப இத்தாலியில இருந்து லூசியானோ மரன்சி எண்டவர் வந்துதான் துப்புரவாக்கினவர். இங்கத்தப் பிள்ளைகளே அந்த வேலையைச் செய்யணும் எண்டுதான் நாங்க இதுக்கு வந்தம். வீட்டுல "இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்" எண்டு கேக்காத நாளில்ல. அதுக்கு எப்படியும் பதில் சொல்லலாம், வாளி வச்சுக்கொண்டு காவல் இருக்கிறதுக்கு என்ன பதில் சொல்ற? ஒராள் வந்தார், போனில படம் எடுத்தார், போனார். படத்தை வச்சு என்ன செஞ்சாங்க? கோடிக் கணக்கில கேக்கல்லையே ஐயா, பதினொரு ஓடும் கொஞ்சம் வயரும்தானே!

6. ஓடு மட்டுமாவது.

புரட்டாதி முடியப் போகுது, ஐப்பசி பிறந்தா மழை. தயவு செஞ்சு அதுக்கு முதல் கூரையைப் பாத்துத் தாங்க ஐயா. ரெண்டாவது ஏட்டுக்கட்டு இன்னும் அந்த அலுமாரிக்குள்ளதான் இருக்கு, வேற வைக்க இடமில்ல. கும்பிட்டுக் கேக்கிறம், மழைக்கு முதல்.

இப்படிக்கு,
பைனல் இயர் மாணவர்கள்

பி.கு: வரக்குள்ள முன் கதவு திறக்காது, ஊறி இறுகிப் போச்சு. பின்பக்கத்தால வாங்க, வாளிகளைப் பாத்துக் கால் வைங்க.