பத்துப் பெற்ற பாட்டிகள் சார்பாக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு ஆன்மிக இணைப்பில் வந்த இல்லறக் கட்டுரையைப் படித்தேன். "நம் பாட்டிகள் பத்துப் பெற்றும் கல்லுபோல இருந்தார்கள். கருத்தடை மேல்நாட்டு வியாதி, அரசாங்கம் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும்" என்கிறார் உங்கள் கட்டுரையாளர். சாஸ்திரம், பைபிள், குர்ஆன் மூன்றையும் ஒரே பத்தியில் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். மத நல்லிணக்கம் இப்படியாவது வளரட்டும்.

பாட்டி வரைக்கும் போக வேண்டாம், என் அம்மாவையே சொல்கிறேன். காசிமேட்டில் மீன் விற்றவள். ஒன்பது பெற்றாள், ஐந்து பேர் தங்கினோம். ஏழாவது பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வியாபாரத்துக்குப் புறப்படுவாள். குனிந்து கூடையைத் தூக்க முடியாது, யாராவது தலையில் ஏற்றிவிட வேண்டும். தெருவில் யார் கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். உங்கள் கட்டுரையாளர் அதைக் கேட்டுக்கொண்டு போய்த்தான் எழுதியிருப்பார் போலிருக்கிறது. அந்த நிலையிலும் இன்னும் இரண்டு பெற்றாள், ஏனென்றால் வேறு வழி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று நினைத்தவர்கள் மட்டும் வாராவாரம் பிரசங்கம் வைத்தார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். கருத்தடை பற்றி ஆராய ரோமில் அமைத்த குழுவில் பெரும்பான்மையோர் அனுமதிக்கலாம் என்றே சொன்னார்கள், போப் ஆறாம் பவுல் அதை ஒதுக்கிவிட்டு 1968-ல் கூடாது என்று சுற்றுமடல் வெளியிட்டார் என்பது ஆசிரியரான உங்களுக்குத் தெரியாததல்ல. மாதத்தில் நாள் பார்த்து ஒதுங்கியிருப்பது மட்டும் பாவமில்லை. சரி, நாள் கணக்கை மனைவி பார்த்துவிடுவாள். ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு அந்த நாள் கணக்கை யார் படித்துக் காட்டுவது என்று மடலில் எழுதவில்லை.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். கோயிலில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். சாமியார் கேட்ட முதல் கேள்வி, "உன் புருஷன் சொல்லித்தானே செய்தாய்?" "இல்லை சாமி, நானேதான்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. புருஷன் சொல்லியிருந்தால் பாவத்தில் கொஞ்சம் தள்ளுபடி இருந்திருக்கும் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் பூசைக்குப் போகிறேன், அதனால் என்னை நாத்திகர் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம்.

மாநகராட்சிப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 'மேல்நாட்டு வியாதி'யை அப்படியே விட மனசு வரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கல்யாணமான தம்பதி கருத்தடை செய்வதே 1965 வரை குற்றம். அயர்லாந்தில் ஆணுறை வாங்க 1985 வரை டாக்டர் சீட்டு வேண்டியிருந்தது. இந்தியாவிலோ 1952-லேயே அரசாங்கம் குடும்பநலத் திட்டம் தொடங்கிவிட்டது, அதற்கும் இருபது வருஷம் முன்பே பெரியார் 'குடி அரசு'வில் கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதினார், அதுவும் நாட்டுப் பொருளாதாரத்துக்காக இல்லை, பெண்ணின் விடுதலைக்காக. 1935-ல் கருத்தடைக்காகப் போராடிய அமெரிக்கப் பெண் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே போய் வாதாடியும் காந்தி புலனடக்கம்தான் வழி என்று நின்றுவிட்டார், அது வேறு விஷயம். ஆக, மேல்நாட்டிலிருந்து எதையாவது இறக்குமதி செய்கிறோம் என்றால் அது உங்கள் கட்டுரையாளர் கேட்கிற தடைச் சட்டத்தைத்தான்.

குர்ஆனை அவர் இழுத்ததற்கும் ஒரு வார்த்தை. கரு தங்காமல் பார்த்துக்கொள்வதை இமாம் கஸ்ஸாலி உட்படப் பழைய மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். ஈரானில் மதகுருமார்கள் ஆட்சியிலேயே 1990-களில் கருத்தடைச் சாதனங்களை அரசு இலவசமாகக் கொடுத்தது. பிறப்பு விகிதம் குறைகிறது என்றதும் 2021-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. வேதம் அதே வேதம்தான், அரசாங்கத்துக்குத்தான் தேவை மாறிப்போனது. இங்கே மட்டும் என்னவாம்? 2021-ல் கேரளத்தில் பாலா மறைமாவட்டம் நிறையப் பிள்ளை பெறும் குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி என்றது. 2024-ல் மு.க. ஸ்டாலின் தொகுதி மறுவரையறையைச் சொல்லிப் பதினாறு பிள்ளை பேச்சுப் பேசினார், ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் மூன்று பிள்ளையாவது வேண்டும் என்றார். ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள், ஒருவருக்கும் பிரசவ வலி வரப்போவதில்லை.

சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமாம். வடசென்னையில் சட்டமே இல்லாமல் தடுத்துவிட்டார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். என் தங்கை மகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ஆணுறை கிழிந்துபோய்விட்டது. மூன்று நாளுக்குள் போட வேண்டிய அவசர மாத்திரைக்காக நானே தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். "அதெல்லாம் தமிழ்நாட்டுல தடைம்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் என் தலைநரையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு தட்டு நிறைய ஆண்மை லேகியம். கடைசியில் மாப்பிள்ளை லோக்கல் ரயில் ஏறி ஆந்திராவில் சூலூர்பேட்டைக்குப் போய் வாங்கி வந்தார். எல்லையிலிருக்கிற தடா ஊரைத் தாண்டினால் மருந்து, இந்தப் பக்கம் பாவம்.

தடை எதுவும் கிடையாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. உங்கள் கட்டுரையாளர் அதைக் 'கருக்கொலை மாத்திரை' என்கிறார். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை, ஏற்கனவே தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதெல்லாம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக நடத்தினாலே பாதி புரிந்துவிடும். என்னோடு வேலை பார்த்தவர்கள் இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். வீட்டில் யார் நடத்துவது, லேகியக் கடைக்காரரா?

அந்த லேகிய விளம்பரம் உங்கள் கடைசிப் பக்கத்திலும் வருகிறது என்பதையும் மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறேன். ஆண்களுக்கு வீரியம், பெண்களுக்கு அடக்கம், நடுவில் ராசிபலன். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள், ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆண்களுக்கான ஆபரேஷன் பெண்ணுடையதைவிடச் சுலபம். அதைப் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. "கணவன் கையெழுத்தில்லாமல் ஆபரேஷனோ கருக்கலைப்போ செய்வது சட்டப்படி குற்றம்" என்று கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அது தப்பு. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்குக் கருக்கலைப்புச் சட்டம் கேட்பது அவளுடைய சம்மதத்தை மட்டும்தான். கருத்தடை தவறிப்போன காரணத்தில் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தையே 2021 திருத்தம் எடுத்துவிட்டது, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் துணைவரின் சம்மதம் தேவையில்லை என்றே மத்திய அரசின் விதிமுறை சொல்கிறது. ஆஸ்பத்திரிகளில் கேட்கிறார்கள், அது அவர்கள் பழக்கம். உங்கள் பேப்பரைக் காட்டி இனி இன்னும் தைரியமாகக் கேட்பார்கள், அதுதான் என் கவலை.

திருத்தத்தை அதே இணைப்பில், அதே எழுத்து அளவில் போடுங்கள். எட்டாம் பக்கத்து மூலையில், வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். போன முறை நான் எழுதிய கடிதத்தில் பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். இந்த முறை பாராட்டே எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை