எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் கிடைக்குமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வு இணைப்பில் இளமை காப்பதாகச் சொல்லும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஊசிகள் பற்றிய கட்டுரையில், "இன்சுலினும் பெப்டைடுதானே, பயம் எதற்கு?" என்று ஒரு வரி. மருந்துக் கடையிலேயே காலம் தள்ளியவள் நான். அந்த வரி மனதை உறுத்துகிறது.

இன்சுலினை மனிதருக்கு முதலில் போட்டது 1922இல். எத்தனை யூனிட், கூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் நூறு வருடமாகப் பார்த்துப் பழகியது. கட்டுரையில் வரும் எபிடலான் ஊசி அப்படியா? நான்கே அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் பொருளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் காவின்சன் குழுவினுடையவை. ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் அது, செல் பிரியப் பிரியத் தேயும் குரோமோசோம் நுனிகளை நீட்டும் டெலோமரேஸ் நொதியைத் தூண்டியதாக 2003இல் எழுதினார்கள். புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவை அதே நொதியை வைத்துத்தான் ஓயாமல் பெருகுகின்றன. உங்கள் மருத்துவ நிருபருக்கு இது தெரியாமல் இருக்காது. அப்புறம் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை? காயம் ஆற்றும் என்று விற்கப்படும் இன்னொரு பெப்டைடு பிபிசி-157 பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. 2022 முதல் விளையாட்டு வீரர்களுக்கு அது தடைசெய்யப்பட்ட பொருள். அதையும் விட்டுவிட்டீர்கள்.

என் தம்பி மகன் முழங்கால் வலிக்காக இந்த பிபிசி-157ஐ ஆன்லைனில் வரவழைத்திருக்கிறான். "அத்தை, இதுல எவ்வளவு தண்ணி கலக்கணும்?" என்று குப்பியை நீட்டினான். அடியில் ஒட்டிய வெள்ளைப் பொடி. லேபிளில் பேட்ச் எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில். கேட்டால், கைப்பேசியில் உங்கள் கட்டுரையைக் காட்டுகிறான். பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

சருமத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லும் குளுட்டாதயோன் டிரிப் பற்றி நீங்கள் எழுதியபோதும் கடிதம் போட்டேன். பதிலில்லை. கொரோனா நேரத்துக் கஷாயக் கட்டுரைகளுக்கும் போட்டேன். அதற்கும் இல்லை. இந்த முறை கட்டுரைக்குக் கீழேயே அழகு சிகிச்சை நிலைய விளம்பரம் வேறு. பல வருடமாக வீட்டில் வாங்கும் பத்திரிகை இது. எங்களை இவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டீர்களே.

சரி, கேட்பது ஒன்றுதான். கட்டுரையில் பெயர் சொன்ன ஊசிகளில் எவற்றுக்கு இந்தியாவில் மருந்தாக ஒப்புதல் உண்டு, எவற்றுக்கு இல்லை என்று அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ஈரோடு