உரிமையாளர் பேசும்போது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாங்கள் கைப்பட எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. எழுத்து பழையபடி வரிசை பிசகாமல் இருப்பதைப் பார்த்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். பெயர்த்தி இப்போது சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அரசியல்வாதி யோசிக்காமல் பேசிவிட்டால் அதற்குத் தண்டனை அடுத்த தேர்தல் மட்டுமே என்று தாங்கள் எழுதியிருந்ததை அவளிடமும் காட்டினேன். இருவருக்குமே அதை ஏற்க மனம் வரவில்லை.

2004 மே 17 தங்களுக்கும் மறந்திருக்காது. தேர்தல் முடிவு வந்த கையோடு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஏ.பி. பரதன், பொதுத்துறைப் பங்கு விற்பனை நாசமாய்ப் போகட்டும் என்ற பொருளில் இந்தியில் சொன்ன வாக்கியம் நாடெங்கும் பரவியிருந்தது. இடதுசாரிகளின் ஆதரவில்தான் புதிய அரசு நிற்கப் போகிறது என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அன்று ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் சரிந்து, வணிகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டு, கடைசியில் 564 புள்ளிகள், அதாவது 11 விழுக்காடு, இழப்பில் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அரசு தன் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் பங்குகளை 750 ரூபாய் விலையில் விற்றுச் சுமார் 10,500 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. அந்த மார்ச் மாதம் அரசுப் பங்குகளுக்கு விண்ணப்பிக்க நம் வங்கிக் கிளையில் நின்ற வரிசையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணிக்கொடைப் பணத்தோடு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. வாங்கியதையெல்லாம் மே 17 அன்று பதறிப்போய் விற்றார். மறுநாளே சந்தை 371 புள்ளிகள் ஏறியது; அது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

பிறகு பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி அந்தச் சரிவை விசாரித்தது. 2005இல் ஒரு வெளிநாட்டுத் தரகு நிறுவனத்தின்மீது தடை விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதையும் நீக்கிவிட்டது. பேசியவர்கள் யாரும் எந்த இடத்திலும் விளக்கம் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் பரதன் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியார்மயத்தை எதிர்ப்பது அவருடைய கட்சி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவந்த கொள்கை. சொல் கடுமையானது, கருத்து புதியதன்று. அவர் கையில் அந்தப் பங்குகளும் இல்லை. என் கவலை, பங்குகளைக் கையில் வைத்திருப்பவர் பேசுவதைப் பற்றியது. பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றிய அரசின் பங்கு குடியரசுத் தலைவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. எதை, எப்போது, எந்த விலைக்கு விற்பது என்று முடிவெடுப்பவர்கள் அமைச்சர்கள். அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் விலையைப் பாதிக்கும் செய்தி எதையும் முதலில் பங்குச்சந்தைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். அவரை நியமிக்கும் அமைச்சரோ தேர்தல் மேடையிலும் தொலைக்காட்சியிலும் சந்தையைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

2024 மே மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா, ஜூன் 4க்கு முன்பு பங்குகளை வாங்கி வையுங்கள், சந்தை ஏறும் என்று ஒரு நேர்காணலில் சொன்னார். ஜூன் 3 அன்று உச்சம் தொட்ட சென்செக்ஸ், வாக்கு எண்ணிக்கை நாளில் 4,389 புள்ளிகள் விழுந்தது. பொதுத்துறைப் பங்குகள் அதைவிட மோசமாக அடிவாங்கின. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று ராகுல் காந்தி கேட்டார். சில நாளிலேயே சந்தை மீண்டு புதிய உச்சத்துக்குப் போனது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜூன் 4 அன்று விற்க நேர்ந்தவருக்கு, நம் ஆசிரியருக்குப் போலவே, அந்த மீட்சியில் பங்கில்லை.

பெயர்த்தி எனக்காக ஒரு தீர்ப்பை எடுத்துத் தந்தாள். 2023 ஜனவரியில், வேறொரு விவகாரத்தில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர், அமைச்சர் ஒருவர் அரசுக் காரியம் குறித்துச் சொன்னதாக இருந்தாலும் கூட்டுப் பொறுப்பைக் காட்டி அதை அரசின் சொல்லாகக் கொள்ள முடியாது என்று கூறிவிட்டனர். நீதிபதி நாகரத்னா மட்டும், அமைச்சர் பதவி நிலையில் பேசியது அரசின் கருத்தாகவும் இருந்தால் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று மாறுபட்டார். நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அது இருக்க வேண்டியதே. ஆனால் வெளியே பேசியது அரசையும் சேராது, பேசியவரையும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றால், பணம் இழந்தவர் யாரிடம் போய் நிற்பது?

சொல்லுக்குப் பொறுப்பேற்பது எப்படி என்பதற்கு நெய்வேலியே நம் அருகில் இருக்கிறது. அங்குள்ள பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் பங்குகளை ஒன்றிய அரசு விற்கக் கூடாது என்று 2013இல் சொன்ன தமிழ்நாடு அரசு, கண்டனத்தோடு நிற்காமல், தன் ஐந்து நிறுவனங்கள் வழியாக 3.56 விழுக்காட்டைச் சுமார் 358 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. அதனால் எனக்கு இன்றும் அதன்மீது மதிப்பு உண்டு.

அபராதமோ சிறையோ நான் கேட்கவில்லை. அரசுப் பங்குகளின் மீது அதிகாரம் உள்ள அமைச்சர் விலையைத் தொடும்படி எதையாவது சொன்னால், ஒரு நாளுக்குள் அதன் ஆதாரத்தைப் பங்குச்சந்தைக்கு எழுத்தில் தரவேண்டும். ஆதாரம் இல்லையென்றால் திரும்பப் பெற வேண்டும். இதை மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதலாம் என்று ஒரு வரைவு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்தின் சுற்றறிக்கைகளைத் திருத்திய அதே சிவப்பு மையால் இதையும் திருத்தி அனுப்புங்கள். வரைவின் மூன்றாம் பத்தியில் "விலையைத் தொடும்படி" என்பதற்கு வரையறை சரியாக வரவில்லை. கண்ணுக்குச் சிரமம் தராத வேளையில் அதை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்