பப் வாசலில் நின்றால் பப்பின் கதையைச் சொல்லுங்கள்

கிழக்கு லண்டனில் இரவு நடைச் சுற்றுலா நடத்தும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் இப்போது தமிழ்ப் பயணிகளையும் அழைத்து வந்து தமிழிலேயே விளக்கம் சொல்கிறீர்கள். அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் மாலையானால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சென்ற வாரம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களில் ஒருவர் கையடக்க ப்ரொஜெக்டரைத் தூக்கிப் பிடித்து, 1888-இல் இந்தப் பகுதியில் ‘ஜாக் த ரிப்பர்’ என்று அழைக்கப்பட்ட கொலைகாரன் கொன்ற ஐந்து பெண்களில் ஒருவரின் பிணவறைப் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் காட்டினார். கதவுக்குப் பக்கத்திலேயே அந்த முகம். அந்த வெளிச்சத்தைக் கடந்துதான் என் மகள் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. கொஞ்சம் வழி விடுங்கள் என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இருட்டிவிட்டால் அவள் முன்வாசல் வழியாக வருவதில்லை. குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் பின்சந்து வழியாகத்தான் அழைத்து வருகிறேன். உங்கள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. என் குழந்தை தன் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நீங்கள் போய் நிற்பது டென் பெல்ஸ் பப் வாசலில். கொலையுண்டவர்கள் குடித்த இடம் என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். உள்ளே சுவரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓடுகளில் தீட்டிய பெரிய ஓவியம் இருக்கிறது. ஒரு பட்டு நெசவாளரின் கடைக்கு வாடிக்கையாளர்கள் வருகிற காட்சி. அதை நீங்கள் காட்டி நான் பார்த்ததே இல்லை. 1976 முதல் 1988 வரை இந்தப் பப்புக்கு ஜாக் த ரிப்பர் என்று அந்தக் கொலைகாரனின் பெயரையே வைத்திருந்தார்கள். பெண்களைக் கொன்றவன் பெயரில் கடை நடத்தக் கூடாது என்ற எதிர்ப்புக்குப் பிறகு பழைய பெயர் திரும்ப வந்தது. பலகையிலிருந்து இறக்கிய பெயரை நீங்கள் இரவுதோறும் வாயால் ஏற்றி வைக்கிறீர்கள்.

இந்தப் பப்புகள் உழைத்தவர்களின் கூடங்கள். 1760-களில் கூலியைக் குறைத்த முதலாளிகளை எதிர்த்த பட்டு நெசவாளர்கள் பப்புகளில்தான் கூடினார்கள், அங்கேதான் சங்கப் பணம் வசூலித்தார்கள். 1769 செப்டம்பர் 30 இரவு பெத்னல் கிரீனில் டால்பின் என்ற பப்பில் கூடியிருந்தவர்களைப் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். மோதலில் இரு பக்கமும் உயிர்கள் போயின. தறியில் இருந்த பட்டுத் துணியை அறுத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஜான் டாயில், ஜான் வாலைன் என்ற இருவரை அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று தூக்கிலிட்டார்கள். வழக்கமான டைபர்ன் தூக்குமேடைக்குக் கொண்டு போகவில்லை. நெசவாளர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று, பெத்னல் கிரீனில் சாமன் அண்ட் பால் பப்பின் முன்னால் தூக்கிலிட்டார்கள். 1773-இல் நெசவுக் கூலியை நிர்ணயிக்கும் சட்டமே வந்தது. சாமன் அண்ட் பால் இன்றும் பெத்னல் கிரீன் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. ஒரு கூட்டத்தையாவது அங்கே அழைத்துப் போயிருக்கிறீர்களா?

வைட்சேப்பல் பிளைண்ட் பெக்கர் பப்பிலும் இதே கதைதான். 1966-இல் ரோனி கிரே என்ற ரவுடிக் கும்பல் தலைவன் ஒருவரைச் சுட்டுக் கொன்றதைச் சொல்கிறீர்கள். 1865-இல் அதன் வெளியே வில்லியம் பூத் என்ற போதகர் பேசிய பிரசங்கத்திலிருந்துதான் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு வளர்ந்தது. அது உங்கள் பேச்சில் வருவதில்லை. 1888-இல் கொல்லப்பட்ட அந்த ஐந்து பெண்களைப் பற்றியாவது ஒழுங்காகச் சொல்கிறீர்களா? அவர்களில் ஒருவரான கேத்தரின் எடோஸ் கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்புதான் கென்ட் வயல்களில் ஹாப்ஸ் பறித்துவிட்டுத் திரும்பியிருந்தார். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்த ஹாப்ஸ்தான். கிழக்கு லண்டன் ஏழைகள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பறித்தார்கள். அவர் செய்த வேலையைச் சொல்லாமல் உடலில் எத்தனை வெட்டு என்று மட்டும் எண்ணிச் சொல்வது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பப்புகளே மறைந்து வருகின்றன. 2001-இல் லண்டனில் 4,835 பப்புகள், 2016-இல் 3,615. பல இப்போது அடுக்குமாடி வீடுகள். பிரிக் லேனின் ட்ரூமன் பீர் ஆலை 1989-இல் மூடியது, பக்கத்துக் காய்கறிச் சந்தை 1991-இல் லேட்டனுக்குப் போனது. மூட்டை தூக்கியவர்களும் பீப்பாய் உருட்டியவர்களும் போன பிறகு இந்த வாசல்களில் நின்று பேசுகிறவர்கள் நீங்கள்தான். கட்டடத்தை இடிப்பவர்களிடம் மாநகரம் அனுமதி கேட்கச் சொல்கிறது. கதையை இடிப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறேன். குடியிருப்புச் சுவர்களில் பிணப் படங்களைக் காட்டாதீர்கள். பப் வாசலில் நின்றால் அந்தப் பப்பின் கதையைச் சொல்லுங்கள். டென் பெல்ஸுக்குள் போய் ஓடுகளில் தீட்டிய அந்த ஓவியத்தைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். நேரமும் வழியும் மாற்றிக்கொள்ள நீங்கள் பேச முன்வந்தால், தெருவில் இருக்கும் எல்லோரையும் கூட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும் ஒரு தாய்