மாடி ஆன்டெனா கேபிள் கனெக்டர்கள்: ஞாயிறு காலை வேலை

அனைவருக்கும் வணக்கம். மழைக்கு முன் மாடியிலுள்ள டிஷ் கேபிள் கனெக்டர்களைச் சுத்தம் செய்து, தண்ணீர் புகாமல் மூடிவிடுவோம். வரும் ஞாயிறு காலை 9 மணி.

1. செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே டிஷ்ஷுக்குப் போகிறது.

2. கனெக்டரைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே பின்னல் கம்பி கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. கறுத்த பகுதி வரை வெட்டிவிட்டுப் புது கனெக்டர்தான் போட வேண்டும்.

3. தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்ந்தது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றைப் பாதி மூடினால் நீர் வழிந்துவிடும். அப்புறம் வெயில் தாங்கும் பிவிசி டேப்.

பெரியவர்கள் தயவுசெய்து மாடி ஏற வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். டேப் வாங்க வேண்டும், அதனால் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணுடன் பதில் போடுங்கள்.