உன் அப்பாவின் மதிப்பெண் பதிவேடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். சில நாட்களுக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதால் மகள்தான் உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மாவின் மூட்டுவலி, கொல்லையில் தென்னை விழுந்தது, நீ ஓய்வுபெற்ற பின்னும் நிலத்தடி நீர் ஆய்வை விடாமல் செய்வது என்று எல்லாம் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "8192 கிணறுகளைக் கொடுத்தால் அணியை நிரப்ப அநியாய நேரம் எடுக்கிறது. இன்னும் எட்டுக் கிணறு சேர்த்து 8200 ஆக்கினால் விரைந்து முடித்துவிடுகிறது. மெமரி பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன், மாற்றப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய்.

தயவுசெய்து எதையும் மாற்றாதே. உன் கம்ப்யூட்டரில் ஒரு பழுதும் இல்லை. அந்த வரியைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடியபடியே உன் அணியை நிரை நிரையாக நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மருத்துவர் அனுமதித்துவிட்டார், ஆகவே நானே எழுதுகிறேன்.

உன் அணி என்பது ஒவ்வொரு கிணற்றுக்கும் மற்ற ஒவ்வொரு கிணற்றுக்கும் உள்ள தொடர்பை எண்களாக எழுதிய சதுர அட்டவணை. முதலில் ஒரு சொல் சிக்கல். நாம் பள்ளியில் படித்தபோது குறுக்கே போவது நிரை, கீழே இறங்குவது நிரல். இப்போது கம்ப்யூட்டரில் எழுதுவதற்கும் நிரல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழப்பம் வராதிருக்க, இந்தக் கடிதத்தில் நிரல் என்றால் அணியின் நிரல் மட்டுமே. மற்றதைப் புரோகிராம் என்றே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புரோகிராமில் இரண்டு லூப்கள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகள், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன: வெளி லூப் நிரல் எண்ணில் ஓடுகிறது, உள் லூப் நிரை எண்ணில் ஓடுகிறது. அதாவது முதல் நிரலை மேலிருந்து கீழ்வரை நிரப்பிவிட்டு அடுத்த நிரலுக்குப் போகிறாய். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1987-இல் கல்லூரிக் கணினி அறையில் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதும்போது நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஃபோர்ட்ரானுக்கு அது முற்றிலும் சரி. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஜான் பேக்கஸ் குழுவினர் செய்த முதல் ஃபோர்ட்ரானிலிருந்தே அணிகள் நிரல் நிரலாகத்தான் நினைவகத்தில் அடுக்கப்படுகின்றன. மேட்லாப், ஜூலியா, ஆர் ஆகிய மொழிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சி மொழி மாறானது. அங்கே இரட்டைப் பரிமாண அணி என்பது அணிகளின் அணி, ஆகவே நிரை நிரையாக அடுக்கும். நீ இப்போது பயன்படுத்தும் பைத்தான் மொழியின் அணிக் கணக்குத் தொகுப்பான நம்பை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சி வழியைத்தான் பின்பற்றும். நீ சேர்த்துப் பயன்படுத்தும் நம்பா என்ற கருவி உன் பைத்தானை இயந்திர மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறதே தவிர, உன் லூப்களின் வரிசை சரியா என்று கேட்பதில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் காப்பாற்றிய நல்ல பழக்கம், வேறு வீட்டுக்குக் குடிபோனதும் கெட்ட பழக்கமாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது உனக்கு உன் அப்பா நினைவுக்கு வர வேண்டும். எனக்கு வந்தார். ஆயுத பூஜை விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். திண்ணையில் ஐந்து பாடங்களின் விடைத்தாள் கட்டுகள். பதிவேட்டில் மாணவனுக்கு ஒரு பக்கம்; 52 பேர். நாம் இருவரும் உதவுகிறோம் என்று உட்கார்ந்து தமிழ்க் கட்டைப் பிரித்தோம். முதல் தாள், முதல் பக்கம், மதிப்பெண். இரண்டாவது தாள், பக்கத்தைப் புரட்டு, மதிப்பெண். தமிழ் முடித்து ஆங்கிலம் தொடங்கியபோது மீண்டும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். உன் அப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஐந்து கட்டுகளையும் வரிசை எண்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து ஐந்து மதிப்பெண்ணையும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். 260 முறை புரட்ட வேண்டிய இடத்தில் 52 முறை. நாம் செய்தது நிரல் வழி, அவர் செய்தது நிரை வழி. இரண்டிலும் எழுதிய எண்கள் அதே 260 எண்கள்தான்.

பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்துக்குக் கேஷ் என்று பெயர். உன் பிராசசரில் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் இடத்தில் இருப்பது கேஷ் வரி. பெரும்பாலான இன்றைய பிராசசர்களில் ஒரு வரி 64 பைட். உன் எண் ஒவ்வொன்றும் 8 பைட். ஆகவே நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கேட்டால் அதன் அண்டை வீட்டார் ஏழு பேரும் சேர்ந்தே வருகிறார்கள். எழுதுவதற்கும் இதுதான் விதி. நீ ஓர் எண்ணை எழுதினாலும் அந்த வரி முழுவதையும் முதலில் கேஷுக்குள் கொண்டுவந்து, அதில் திருத்தி, பிறகு திருப்பி அனுப்புகிறது பிராசசர். "நான் படிக்கவே இல்லையே, எழுதத்தானே செய்கிறேன்" என்று நீ கேட்டிருந்தாய். எழுதுவதிலும் ஒரு படிப்பு ஒளிந்திருக்கிறது.

8192-க்கு 8192 அணியில் சுமார் 6.7 கோடி எண்கள், ஏறக்குறைய 53.7 கோடி பைட். நிரை வழியே போனால் சுமார் 84 லட்சம் வரிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை வரும். நிரல் வழியே இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் 65,536 பைட் தாண்டுகிறாய். வந்த வரியில் ஓர் எண்ணை எழுதிவிட்டு ஏழை அப்படியே விட்டுவிடுகிறாய். அடுத்த நிரலுக்கு வரும்போது அந்த வரி கேஷில் இன்னும் இருந்தால் பிழைத்தாய். இல்லையென்றால் அதே வரி எட்டு முறை போய்வர வேண்டும். முதன்மை நினைவகம் வரை ஒரு முறை போய்வர நூறு நானோநொடி அளவில் ஆகும். மிக அருகிலுள்ள கேஷில் இருந்தால் ஒன்றிரண்டு நானோநொடி போதும்.

"கேஷில் இன்னும் இருந்தால்" என்றேன் அல்லவா, உன் 8192 புதிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு நிரல் முழுதும் இறங்க 8192 வரிகள் தேவை, அதாவது 512 கிலோபைட். கேஷில் நிலைகள் உண்டு: பிராசசருக்கு மிக அருகில் இருக்கும் சிறியது முதல் நிலை, அதற்கடுத்த பெரியது இரண்டாம் நிலை. உன் பிராசசரின் இரண்டாம் நிலைக் கேஷ் ஒரு மெகாபைட் என்று எழுதியிருக்கிறாய். இடம் தாராளம். ஆனால் கேஷில் எந்த வரியும் எங்கு வேண்டுமானாலும் உட்கார முடியாது. முகவரியைப் பார்த்து இன்ன தட்டில்தான் என்று ஒதுக்கப்படும், தட்டுக்கு இத்தனை இருக்கைகள்தான். பரவலாகக் காணப்படும் 32 கிலோபைட் முதல் நிலைக் கேஷை எடுத்துக்கொள்: 64 தட்டுகள், தட்டுக்கு 8 இருக்கைகள். 4096 பைட்டின் மடங்காக விலகியிருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே தட்டுக்குப் போகும். 65,536 என்பது 4096-இன் சரியான 16 மடங்கு. ஆக உன் நிரலின் 8192 வரிகளும் ஒரே தட்டின் எட்டு இருக்கைகளுக்கு அடித்துக்கொள்கின்றன. மீதி 63 தட்டுகள் காலி! இரண்டாம் நிலையிலும் இதே கதைதான், தட்டுகள் கூடுதல், அவ்வளவே.

8200 என்று வைத்தால் தாண்டல் 65,600 பைட். 64-ஆல் வகுத்துப் பார்: 1025. ஒற்றைப்படை. ஒவ்வொரு நிரையும் முந்தையதைவிட ஒரு தட்டு தள்ளி விழுகிறது, கேஷ் முழுவதும் சீராகப் பரவுகிறது. அடுத்த ஏழு நிரல்களுக்கும் வரிகள் இரண்டாம் நிலையிலேயே காத்திருக்கின்றன. எட்டுக் கிணற்றில் உன் புரோகிராம் பிழைத்தது இப்படித்தான். வட்டமான எண்கள் மனிதனுக்கு அழகு. நம் தொழிலில் இரண்டின் அடுக்குகளைக் கண்டால் நான் எப்போதும் ஒரு கணம் தயங்குவேன்.

ஆகவே லூப்களை மாற்றிப் போடு. நிரை வெளியே, நிரல் உள்ளே. "கம்பைலரே மாற்றிக்கொள்ளாதா" என்று நீ கேட்பாய். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி என்ற கம்பைலர் எட்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் நிலை மேம்படுத்தலில் அப்படி மாற்றிப் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் எளிய லூப்களில்தான் அதற்குத் துணிவு வரும். உள்ளே ஒரு சார்பு அழைப்போ, நிபந்தனையோ, நினைவக இடங்கள் ஒன்றோடொன்று மேற்படியுமோ என்ற ஐயமோ இருந்தால் விலகிக்கொள்ளும். நீ எழுதும் அணிக்கோ ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வர்க்கமூலம், ஓர் அடுக்குக்குறிச் சார்பு. எழுதுகிற நமக்குத் தெரிந்ததை இன்னொருவர் ஊகிக்கட்டும் என்று விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அந்த வர்க்கமூலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கே கனமாக இருந்தால் நினைவகத் தாமதத்தின் ஒரு பகுதி அதற்குள் மறைந்துவிடும். ஆகவே வரிசையை மாற்றியதும் எட்டு மடங்கு வேகம் வந்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அளந்து பார்க்க வேண்டும். அளக்கும்போது முதல் ஓட்டத்தை எண்ணாதே. அதில் நம்பா கம்பைல் செய்யும் நேரம் சேர்ந்திருக்கும். மேலும் புதிதாக ஒதுக்கிய அணிக்கு வேண்டிய நினைவகத் துண்டுகளை இயங்குதளம் முதல் எழுத்தின்போதுதான் உண்மையில் எடுத்துக் கொடுக்கும், அந்தச் செலவும் அங்கேயே விழும். ஒரே அணியை இரண்டாம் முறை நிரப்பும் நேரம்தான் உன் லூப்பின் நேரம்.

இனி நான் உன்னிடம் வாதாட வந்த விஷயம். உன் அணி சமச்சீர் அணி. முதல் கிணற்றுக்கும் இரண்டாவதற்கும் உள்ள தொடர்பும், இரண்டாவதற்கும் முதலாவதற்கும் உள்ள தொடர்பும் ஒன்றே. நீ பாதியைக் கணக்கிட்டு, அப்போதைக்கப்போதே மறுபாதியிலும் பிரதி எழுதுகிறாய். கணக்கு பாதியாகிறது, சரி. ஆனால் நிரை வழியே எழுதினால் பிரதி நிரல் வழியே விழும், நிரல் வழியே எழுதினால் பிரதி நிரை வழியே விழும். லூப்பை எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் தவறான திசையில்தான் போகும். இங்கே நிரையா நிரலா என்று கேட்பதைவிட, அந்த மறுபாதியை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

நீ அடுத்து செய்வது சோலெஸ்கி பிரிப்பு, அதாவது சமச்சீர் அணியை ஒரு முக்கோண அணியும் அதையே திருப்பிப் போட்டதும் பெருக்கியதாகப் பிரிப்பது. (அந்தச் சோலெஸ்கி நில அளவைக்காகவே இந்த முறையைக் கண்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி, 1918-இல் போர்க்களத்தில் இறந்துபோனார். கிணறுகளின் வரைபடத்துக்கு அவர் முறை பயன்படுவது எனக்கு நிறைவாக இருக்கிறது.) அந்தப் பிரிப்பைச் செய்துகொடுக்கும் லாபேக் என்ற அணிக் கணக்குத் தொகுப்பு, மூலைவிட்டத்தோடு அதற்கு ஒரு பக்கமுள்ள ஒரே ஒரு முக்கோணத்தைத்தான் படிக்கும். மற்றதில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. ஆக நீ பாடுபட்டுத் தவறான திசையில் எழுதிய அந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட எண்களை யாருமே படிக்கவில்லை! எழுதாமல் விட்டுவிடு. ஒன்றை மட்டும் கவனி. லாபேக் ஃபோர்ட்ரான் பரம்பரை. நிரை வழியே அடுக்கிய உன் கீழ் முக்கோணம் அதன் கண்ணுக்கு மேல் முக்கோணமாகத் தெரியும்.

என்றாவது இரண்டு பாதியும் தேவைப்பட்டால் 32-க்கு 32 கட்டங்களாக வெட்டிக்கொள். ஒரு கட்டம் 8 கிலோபைட். கட்டமும் அதன் எதிர்க் கட்டமும் சேர்ந்து முதல் நிலைக் கேஷில் அடங்கும். அதுவும் 8192-இல் உன்னைக் காப்பாற்றாது, ஏனெனில் கட்டத்தின் 32 நிரைகளும் அதே ஒருசில தட்டுகளுக்குத்தான் வரும், தட்டுக்கு எட்டு இருக்கைகள்தான். நிரை நீளத்தை 8200 என்று ஒதுக்கிவிட்டு 8192-ஐ மட்டும் பயன்படுத்து. அப்படிச் செய்யும்போது வெட்டிய துண்டை நம்பாவிடம் கொடுக்காதே. துண்டின் உறுப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்பது அதற்கு உறுதியாகத் தெரியாது, நான்கு எண்களை ஒரே கட்டளையில் எழுதும் வாய்ப்பை இழப்பாய். முழு அணியையும் கொடுத்து, எத்தனை நிரல் என்பதைத் தனியாகச் சொல்.

இவற்றில் எதுவும் புதிதல்ல. 1972-லேயே கிளீவ் மோலர், பக்கம் பக்கமாக நினைவகத்தைக் கையாளும் இயந்திரங்களில் ஃபோர்ட்ரான் அணிக் கணக்குகளை நிரல் வழியே அமைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். பின்னாளில் மேட்லாப் செய்தவர் அவர்தான். அப்போது நீயும் நானும் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவளும் இப்போது காலநிலைக் கணக்குகளில் ஃபோர்ட்ரான் எழுதுகிறாள், ஆகவே நிரல் வழி. ஒரே மேசையில் அவள் ஒரு திசையிலும் நான் ஒரு திசையிலும் அணிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். தை மாதம் அவளோடு உன் ஊருக்கு வருவதாக எண்ணம். இடது கண்ணுக்கு அதற்குள் தேதி கொடுக்காவிட்டால் நிச்சயம் வருவேன்.

அடுத்த கடிதத்தில் 8192-க்கு நான்கு நேரங்களை எழுது: பழைய வரிசை, புதிய வரிசை, பாதி மட்டும் எழுதியது, 8200 நீளம் ஒதுக்கிக் கட்டம் வெட்டியது. அம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவின் பதிவேடு இன்னும் பரணில் இருந்தால் எடுத்து வைத்திரு. நாம் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் வேறு மையில் எழுதிய ஞாபகம், அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்