மீசை மாதத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நவம்பர் நல்லபடியாக முடிந்தது. மீசையை வளர்த்தது நாங்கள். அதை நன்கொடையாகவும், டாக்டரிடம் போகக் கிடைத்த சாக்காகவும் மாற்றியது நீங்கள். யார் என்ன செய்தார்கள், அது ஏன் பலித்தது என்று விவரமாகவே எழுதி நன்றி சொல்கிறோம். அடுத்த வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இது உதவும்.

நவம்பர் முழுக்க மீசை வளர்த்து ஆண்கள் நலத்துக்குப் பணம் திரட்டுகிற மொவெம்பர் இயக்கம் இந்த மெல்பர்னில்தான் பிறந்தது. 2003-இல் டிராவிஸ் கரோன், லூக் ஸ்லாட்டரி என்ற இரண்டு நண்பர்கள் முப்பது பேரை மீசை வளர்க்க வைத்தார்கள். 2004-இல் 450 பேர் சேர்ந்து 54,000 டாலர் திரட்டி, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கான ஆஸ்திரேலிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். இன்று புராஸ்டேட் புற்றுநோய், விதை (விந்தகம்) புற்றுநோய், ஆண்களின் மனநலம், தற்கொலைத் தடுப்பு என்று பல நாடுகளில் அந்தப் பணம் வேலை செய்கிறது. டாண்டினாங் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும் அதில் பங்கு இருப்பதில் எங்களுக்குப் பெருமை.

முதல் நன்றி, நவம்பர் 1 காலையில் இருந்த மீசையை எடுத்த பெரியவர்களுக்கு. மொவெம்பரின் விதி அப்படி: முதல் நாள் முகம் முழுக்க மழித்திருக்க வேண்டும், பழைய மீசையோடு தொடங்கக் கூடாது. நம்மில் பலருக்கு இது லேசான காரியமில்லை. அப்பாவோ அம்மாவோ தவறினால் எடுக்கிற மீசை அது. ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் "என்னப்பா, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா?" என்றுதான் பதறுவார்கள். அதனால்தான் வீட்டிலுள்ள அக்காமார் முந்தின வாரமே ஊருக்கெல்லாம் போன் போட்டு, "இது புற்றுநோய்க்குப் பணம் சேர்க்கிற விஷயம்" என்று சொல்லி வைத்தார்கள். அப்படிப் போன் போன வீடுகளிலிருந்தே நன்கொடையும் வந்தது. இதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களுக்கும் நன்றி. கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16, 17 வாக்கில் வந்துவிடும். மாலை போட்டபின் சவரம் கிடையாது. மொவெம்பரிலோ தாடிக்கு இடமில்லை. மீசை கிருதாவோடு சேர்ந்தால் தாடிக் கணக்கு, தாடையின் கீழே இரண்டு முனையும் சேர்ந்தால் ஆட்டுத்தாடிக் கணக்கு. இரண்டையும் இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் விரதமும் கெடும், விதியும் கெடும். அதனால் அவர்கள் மீசைப் போட்டியை விட்டுவிட்டு எங்கள் நடைப்பயிற்சிக்கு வந்தார்கள். அதைப் பற்றிக் கீழே.

முடிதிருத்தும் அண்ணனுக்கு என்ன சொல்லியும் தீராது. காசு வாங்காமல் சவரம் செய்ததோடு, ஒவ்வொருவரையும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். நம்மவர்களுக்கு முடி தடிப்பு, பலருக்குச் சுருள். எதிர்த் திசையில் ஒட்ட மழித்தால் முனை தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சிவந்த கொப்புளமாகும். எனவே வெந்நீர்த் துண்டை இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, முடி போகும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரே இழுப்பு. மேலுதட்டில் புது பிளேடு.

முகத்து முடி நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளரும். மாத முடிவில் கிடைப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர். முறுக்கு மீசைக்கு அது போதாது என்று முதல் நாளே அவர் சொன்னதால் யாரும் ஏமாறவில்லை. முதல் இரண்டு வாரம் அரும்பு மீசைதான். அந்த நாட்களில் மீசையில் கத்தரியே படக் கூடாது. கன்னத்தையும் தாடையையும் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மழித்து வந்தால், மீசை இல்லாதவனுக்கும் மீசை இருப்பதுபோல் எடுப்பாகத் தெரியும். பலர் தவறுவது இங்கேதான்: சோம்பலில் கன்னத்தை விட்டுவிடுகிறார்கள், பார்க்கிறவர்களுக்கு அது "சவரம் செய்யாத முகம்" ஆகிவிடுகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி வராவிட்டால் நன்கொடையும் வராது.

இரண்டாவது வாரத்தில் அரிப்பு வரும். மழித்த முடியின் முனை கூராக இருப்பதும், அடியில் தோல் காய்ந்து போவதும் காரணம். சொறிந்தால் புண்ணாகும். காரம் குறைந்த சோப்பில் கழுவி, ஈரம் ஒற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பருவுள்ள தோலுக்கு ஆகாது, துவாரத்தை அடைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் ஜொஜோபா எண்ணெயைக் கொடுத்தார்.

மூன்றாவது வாரத்தில் முடி உதட்டின் மேல் இறங்கும். அப்போது கீழ்நோக்கிச் சீவி, நடுவிலிருந்து கடைவாய் நோக்கிச் சின்னக் கத்தரியால் உதட்டுக் கோட்டை ஒட்டி வெட்ட வேண்டும். முடி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் முடி நீண்டு தொங்கும். அதை அளவென்று நினைத்து வெட்டினால், காய்ந்தபின் மேலேறி உதட்டுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மூக்குக்குக் கீழே நடுவில் இடைவெளி உள்ளவர்களுக்கு அது ஒரு மாதத்தில் நிரம்பாது. நீளமாக விடாமல் ஐந்து ஆறு மில்லிமீட்டரில் சமமாக வைத்தால் அடர்த்தியாகத் தெரியும்.

நரை தெரிகிறதென்று சாயம் போட வந்தவர்களை அவர் தடுத்து நிறுத்தியதற்கு இரட்டை நன்றி. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாராபினைலின்டயமின் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மேலுதடு வீங்கி நீர் கோக்கும். கருப்பு மருதாணி என்று விற்பதிலும் இதைக் கலப்பதுண்டு, கையில் போட்டு ஒருமுறை தடித்தவர்கள் முகத்தில் தொடவே கூடாது. மற்றவர்களும் முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் போட வேண்டும். நரை மீசைக்கு நன்கொடை குறையவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பொறுப்பிலுள்ள நண்பர்களே, உங்கள் கண்டிப்புக்கு நன்றி. சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்கிறவர்களுக்கு, கவசம் முகத்தோடு ஒட்டுமிடத்தில் முடி இருந்தால் காற்று கசியும். கவசத்துக்குள் அடங்குகிற சின்ன மீசைக்குப் பிரச்சினை இல்லை. கடைவாயிலிருந்து தாடைக்கு இறங்குகிற லாட வடிவ மீசை ஒட்டுமிடத்தைத் தாண்டிப் போகும். ஆசையோடு அதைத் தேர்ந்தவர்களை முதல் வாரத்திலேயே கூப்பிட்டுச் சொன்னீர்கள். உணவுத் தொழிற்சாலைக்காரர்களுக்கு மீசை உறையையும் நீங்களே வாங்கி வைத்தீர்கள்.

மாதத்துக்கு 60 கிலோமீட்டர் நடப்பது மொவெம்பரின் இன்னொரு வழி. உலகில் மணிக்கு 60 ஆண்கள் தற்கொலையில் போகிறார்கள் என்ற கணக்கை மனதில் வைத்து வகுத்த தூரம் அது. நாளுக்கு 2 கிலோமீட்டர் என்றால் எழுபது வயதுக்காரரும் நடக்கலாம். ஜெல்ஸ் பூங்காவில் டாண்டினாங் ஓடைப் பாதையில் சனிக்கிழமை நடையை நடத்தியவர்களில், தினமும் மகரந்த முன்னறிவிப்பைப் பார்த்த அக்காவின் வேலை கண்ணுக்குத் தெரியாதது. மெல்பர்னில் நவம்பர் என்றால் புல் மகரந்தக் காலம். 2016 நவம்பர் 21 அன்று இடிமழைக்கு முந்திய காற்றில் ரைப்புல் என்ற புல்லின் மகரந்தம் பொடிப்பொடியாகி மூச்சுக்குழாய்க்குள் போய்ப் பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்துமா இல்லை, வெறும் தும்மல்தான் என்று இருந்தவர்களும் அன்று மூச்சுத் திணறினார்கள். அதனால் மகரந்த அளவு மிக அதிகமாக இருந்து இடிமழையும் சேர்ந்து வரும் என்ற எச்சரிக்கை வந்தால், நடை கடைத்தொகுதிக்குள் மாறும். பையில் மூச்சுத் திணறலுக்கான நீல இன்ஹேலரும் அதில் மாட்டுகிற இடைக்குழாயும் எப்போதும் இருந்தன.

டாக்டர் ஐயாவுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் உட்கார்ந்து, கேட்கத் தயங்கியதையெல்லாம் கேட்க வைத்தார். ஐம்பது வயதானால், புராஸ்டேட்டைப் பற்றித் துப்புக் கொடுக்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், அப்பாவுக்கோ உடன்பிறந்தானுக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் 45-லேயே பேசுங்கள் என்றார். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததையும் சொல்ல வேண்டும், சில மரபணு மாற்றங்கள் அவற்றுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் பொது. பி.எஸ்.ஏ. எண் உயர்ந்திருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சிறுநீர்த் தொற்று, வயதோடு வரும் புராஸ்டேட் வீக்கம், பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாளில் நீண்ட சைக்கிள் சவாரி, விந்து வெளியேறுதல் எல்லாமே எண்ணை ஏற்றலாம். எண் ஏறினால் மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., அதன் பிறகே திசுச் சோதனை. "விரல் விட்டுப் பார்ப்பார்களாமே" என்ற பயத்திலேயே பத்து வருஷம் தள்ளிப் போட்டவர்கள், தொடக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைதான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

ஆங்கிலத்தில் சங்கடப்படுகிற அப்பாக்களுக்கு 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் எண்ணை அச்சடித்துக் கொடுத்த தங்கைக்கு நன்றி. மகனை மொழிபெயர்க்க வைத்தால் அப்பா பாதியை விழுங்கிவிடுவார். சிறுநீர் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை என்பதோடு நின்றுவிடும், மற்றது வாயில் வராது.

பையன்களிடம் பேசிய இளைஞர்களுக்கும் நன்றி. விதைப் புற்றுநோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருவது. முந்திக் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோரும் குணமாகிறார்கள். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு, ஒவ்வொரு விதையையும் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு, பின்புறம் மெல்லிய குழாய்போல் தட்டுப்படுவதும் இயல்பு. கட்டி, வீக்கம், கனம், போன மாதம் இல்லாத மாற்றம் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பெரியவர்கள் சொன்னால் தலைகுனிந்து கேட்டிருப்பார்கள். கிரிக்கெட் பயிற்சி முடிந்து உங்கள் வாயால் கேட்டபோது கேள்வி கேட்டார்கள்.

மனசு சரியில்லாதவர்களிடம் பேசியவர்கள் பெயர் வெளியே தெரியவே வேண்டாம் என்றார்கள், சரி. மொவெம்பர் சொல்லித்தரும் முறை நான்கு படி: நேராகக் கேள், குறுக்கிடாமல் கவனி, உதவி தேடத் தூண்டு, மறுபடி போய் விசாரி. நம்மவர்கள் இரண்டாவது படியில் சறுக்குவார்கள். "எல்லாம் சரியாகும் தம்பி, கோயிலுக்குப் போய் வா" என்று ஐந்தாவது நிமிஷத்திலேயே தீர்வு சொல்லிவிடுவோம். நீங்கள் சும்மா இருந்து கேட்டீர்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி போன் செய்தீர்கள். அந்த இரண்டாவது போன்தான் பெரிய உதவி. அவசரத்துக்கு 13 11 14, மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான லைஃப்லைன் தொலைபேசி உதவி, இருபத்துநான்கு மணி நேரமும்.

கணக்குப் பார்த்த அக்கா இல்லாமல் பணம் பணமாகவே சேர்ந்திருக்காது. கையில் தந்த ரொக்கத்தை ஒருவர் தன் அட்டையில் மொத்தமாகக் கட்டினால் ரசீது அவர் பெயருக்குப் போய்விடும், கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. அதனால் கூடியவரை அவரவர் அட்டையிலேயே கட்ட வைத்தார். 2 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் கழிவு உண்டு. ஆனால் குலுக்கல் சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது நன்கொடைக் கணக்கில் வராது, பதிலுக்கு ஒன்று வாங்கியதாகிவிடும். இதனால் கடைசி நாள் காலைச் சாப்பாட்டுக்குத் தனி டப்பா, நன்கொடைக்குத் தனி டப்பா வைத்தார். ஊழியர் கொடுத்ததற்கு ஈடாகக் கம்பெனியும் நன்கொடை தருகிற இடங்களில் வேலை செய்கிறவர்களைத் துரத்தித் துரத்தி ரசீதைக் கேட்டு வாங்கினார். அந்த ஈட்டைக் கேட்கிற விண்ணப்பத்துக்குக் கெடு தேதி உண்டு, டிசம்பர் விடுமுறையில் மறந்தால் போனது போனதுதான்.

சமையல் அண்ணன்களே, இட்லியை விட உங்கள் ஒழுங்குக்கு நன்றி. சாம்பார் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, வெயிலில் முதலில் கெடுகிற தேங்காய்ச் சட்னி பனிப்பெட்டியை விட்டுச் சின்னச் சின்னக் கிண்ணமாகவே வெளியே வந்தது. முந்திரி, வேர்க்கடலை, எள் எதில் இருக்கிறது என்று எழுதி ஒட்டினீர்கள்.

நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ஐந்து டாலர் கொடுத்த மாணவர்களுக்கும் அதே நன்றி. குழுச் செய்தியைப் பார்த்துக் கொடுத்தவர்களை விட, பெயர் சொல்லிக் கேட்டபோது கொடுத்தவர்களே அதிகம். அடுத்த வருஷம் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

ரசீது இன்னும் வராதவர்கள் உங்கள் மின்னஞ்சலில் குப்பைப் பெட்டியை ஒருமுறை பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் கணக்கு அக்காவிடம் சொல்லுங்கள், வரி ஆண்டு முடிகிற ஜூன் 30-க்குள் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பெரிய இட்லிக் குண்டான் ஒன்றும் இரண்டு சாம்பார் வாளியும் யாருடையவை என்று தெரியாமல் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மீசை வளர்த்தவர்கள், நடந்தவர்கள்,
டாண்டினாங், மெல்பர்ன்